வளையம் காணாமல் போன ஆயுத பூஜை

எங்கள் தெருவில் தரை சும்மா இருப்பதே இல்லை. விடிந்ததும் ஓட ஆரம்பிக்கும் விசைத்தறிகளில் பாதி இரவெல்லாம் நிற்காது. ஜன்னல் விளிம்பில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தால் அதன் மேல்பரப்பு எந்நேரமும் சுருங்கிச் சுருங்கி விரிந்துகொண்டிருக்கும். அருப்புக்கோட்டையில் நெசவாளர் தெருக்களில் பிறந்தவர்களுக்கு இது தெரியாது. தெரியாது என்றால், தெரிகிற அளவுக்கு அது நின்றது அபூர்வம்.

இந்த ஆட்டத்தைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரே ஆள் வேங்கடபதி. அவரிடம் ஒரு தொலைநோக்கி இருந்தது. மாடியில் அதை நிலாவுக்குத் திருப்பிவைத்துக் கண்ணை வைத்தால், நிலா தறியின் அடிக்குத் தக்கபடி துள்ளும். அவருடைய சொந்தத் தறி இரண்டும் வீட்டு முன்கூடத்தில் ஓடின. பக்கத்தில் வெள்ளத்துரையின் ஷெட்டில் எட்டு ஓடின. "என் தறி அடிச்சா சின்ன ஆட்டம், வெள்ளத்துரை தறி அடிச்சா பெரிய ஆட்டம். ரெண்டும் சேந்து அடிச்சா நிலாவுக்குக் குளிர்க்காய்ச்சல்" என்பார்.

ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லி. கட்டம் போட்ட கைலி, பனியன், கழுத்தில் நூல்கட்டித் தொங்கும் மூக்குக்கண்ணாடி. கண்ணாடியை இழுத்துக் கட்டியிருக்கும் அந்த நூல்கூடத் தறியிலிருந்து அறுத்ததுதான். எதையும் பழுதுபார்க்காமல் விட மாட்டார். தெருவில் யார் வீட்டு மிக்சி நின்றாலும், யார் வீட்டு மோட்டார் சத்தம் மாறினாலும் அவரிடம்தான் வரும். "ஆகுமா அண்ணே?" என்று கேட்டால் "ஆகும்" என்றோ "ஆகாது" என்றோ சொன்னதே கிடையாது. "பாக்கலாம்" என்பார். அவர் மனைவி பஞ்சம்மாளுக்கு அந்த ஒரு சொல் மட்டும் ஆகாது. "கல்யாணத்தன்னைக்கு ஐயரு தாலியை நீட்டும்போதும் இவரு பாக்கலாம்னுதான் சொல்லியிருப்பாரு, மேளச் சத்தத்துல கேக்கலை" என்பார்.

வீட்டில் அவர்கள் பேசுவது தெலுங்கு. வெளியே தமிழ். நான் அதே தெருவில் அடுத்த வீட்டில் வளர்ந்தவன் என்பதால் தெலுங்கு காதில் விழுந்தால் புரியும், வாயில் வராது. ஆனால் அவர்கள் இருவரும் பகலில் பேசுவதைக் காதால் கேட்க முடியாது. தறி ஓடும்போது ஒருவர் உதட்டை மற்றவர் பார்த்துக்கொள்வார்கள். பஞ்சம்மாள் ஒரு தறியின் பக்கத்திலிருந்து உதட்டை அசைப்பார், வேங்கடபதி மறு தறியிலிருந்து தலையை ஆட்டுவார். அதில் சாம்பாருக்கு உப்பு போதுமா என்பதிலிருந்து மருமகள் ஊரிலிருந்து வருகிறாளா என்பது வரை எல்லாம் முடிந்துவிடும். சத்தமில்லாத நேரத்தில் பேசினால்தான் சங்கடம். பழக்கத்தில் இருவருமே கத்துவார்கள்.

தொலைநோக்கி திருச்சுழியிலிருந்து வந்தது. தறிக்குப் பழைய மோட்டார் ஒன்று பார்க்கப் போன இடத்தில், ஒரு வீட்டு மாட்டுக்கொட்டத்தில் நீளமான பலகைப் பெட்டி ஒன்று சாய்ந்து கிடந்தது. மேலே கோழி உட்கார்ந்திருந்தது. "இது என்ன சார், தண்ணி போற தொட்டியா?" என்று கேட்டிருக்கிறார். அந்த வீட்டுக்காரர் சங்கரபாண்டியன், பள்ளிக்கூடத்தில் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வால் நட்சத்திரம் வந்த வருஷம் பள்ளிக்கு வாங்கிய தொலைநோக்கி அது என்றும், புதுக் கட்டடம் வந்தபோது வைக்க இடமில்லை என்று இவர் தலையில் கட்டிவிட்டார்கள் என்றும் சொன்னார். "கரையான் தின்னுட்டு மிச்சம் வச்சிருக்கு. வேணும்னா எடுத்துட்டுப் போப்பா. கோழிக்கு வேற எடம் பாத்துக்கிடுறேன்."

மோட்டாரை விட்டுவிட்டு அதை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் அந்த வீட்டுத் திறந்த கதவு வழியாகப் போகிற வருகிற எல்லோரும் அது உருமாறுவதைப் பார்த்தோம். கரையான் தின்ற பலகையைக் கழற்றிவிட்டுப் புதுப் பிளைவுட்டில் அதே அளவுக்குப் பெட்டி செய்தார். பெட்டியின் அடியில்தான் முக்கியமான பொருள் உட்காரும்: வட்டமான கனத்த கண்ணாடி, நடுவில் லேசாகக் குழிந்தது. வானத்திலிருந்து வரும் வெளிச்சம் அதில் பட்டு மேலே திரும்பி, மேலே சாய்வாக நிற்கிற ஒரு குட்டிக் கண்ணாடியில் பட்டு, பக்கவாட்டில் இருக்கிற கண் வைக்கும் குழலுக்கு வரும். அவ்வளவுதான் அதன் சூட்சுமம். குட்டிக் கண்ணாடியைப் பிடித்துநிற்க மெல்லிய தகடு நாலு வேண்டியிருந்தது. தறியில் பாவு நூலைப் பிரித்துவிடும் அச்சின் எஃகுப் பற்களைக் கழற்றிப் போட்டார். பெட்டி வழுக்கித் திரும்ப மெழுகுவர்த்தியைத் தேய்த்தார். பெரிய கண்ணாடிக்குத் தூசி விழாமல் மூட ஒரு சம்பட மூடியும், அந்த மூடியைப் போட்டு எடுக்கப் பெட்டியின் அடியில் ஒரு சின்னக் கதவும் வைத்தார்.

எல்லாம் முடிந்தபோது கொரோனா வந்து ஊரை மூடியது.

அந்த ஒரு காலத்தில்தான் எங்கள் தெருவில் தரை நாள்கணக்கில் நின்றது. தறி எதுவும் ஓடவில்லை. வேங்கடபதி மாடியில் சனிக் கிரகத்தைப் பார்த்தார். ஆடாமல் அசையாமல், சாய்ந்த வளையத்தோடு, யாரோ வரைந்து ஒட்டிய மாதிரி நின்றது என்று சொன்னார். அதைச் சொல்லும்போது இரண்டு கையாலும் காற்றில் ஒரு தொப்பியைப் பிடிப்பது மாதிரி காட்டுவார். பஞ்சம்மாள் அப்போது வீட்டில் இல்லை. தங்கச்சி மகள் பிரசவத்துக்குப் பாலவனத்தம் போனவர், பஸ் நின்றுவிட்டதால் அங்கேயே மாட்டிக்கொண்டார். இங்கிருந்து கூப்பிடு தூரம்தான், ஆனால் போலீஸ் விடவில்லை. தினமும் போனில் வேங்கடபதி வளையத்தைப் பற்றிச் சொல்வார். "வந்ததும் உனக்குத்தான் காட்டுறேன்" என்பார்.

பஞ்சம்மாள் வந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. மழையில் மாடி ஒழுகி, பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து, பெரிய கண்ணாடி பாழாகிவிட்டது. கண்ணாடி உடையவில்லை. அதன் மேல் பூசியிருந்த ரசம் அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி புள்ளியாக உரிந்துபோனது. சாதாரண முகக்கண்ணாடிக்கு ரசம் பின்பக்கம் இருக்கும். இதற்கு முன்பக்கம், வெளியே தெரிகிற பக்கத்தில் பூச வேண்டும். ஊரில் இருக்கிற கண்ணாடிக்கடை எல்லாவற்றிலும் கேட்டார். "முன்னாடி பூசுனா கை பட்டு அழிஞ்சு போகும் அண்ணாச்சி, எவனும் செய்ய மாட்டான்" என்று அவருக்குப் பாடம் எடுத்தார்கள். மதுரையில் கேட்டார். இந்த வேலையைச் செய்கிற ஆள் பெங்களூரில் ஒருவர் இருக்கிறார் என்று கண்டுபிடிக்கவும், அவர் போனை எடுக்கவும் சில வருஷம் ஆனது.

அதுவரை பெட்டி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது. பஞ்சம்மாள் அதன் மேல் ஈரத்துண்டு காயப்போட்டார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் தறி, மோட்டார், ஊடை நூலைத் தார்க்கட்டையில் சுற்றுகிற மிஷின், தையல் மிஷின், அரிவாள்மனை, மிக்சி, சைக்கிள் வரைக்கும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பார். இந்தப் பெட்டியை மட்டும் விட்டுவிடுவார்.

"இதுக்கும் ஒரு பொட்டு வைக்கலாம்ல" என்று வேங்கடபதி ஒரு வருஷம் கேட்டார்.

"எதுக்கு? இது என்ன வேலை செஞ்சுச்சு? என் துண்டைக் காய வச்சுச்சு. துண்டு காயப்போடுற கொடிக்கெல்லாம் நான் பொட்டு வச்சுக்கிட்டு இருக்கனா?"

இந்த வருஷம் புரட்டாசியில் கண்ணாடி பளபளவென்று வந்து சேர்ந்தது. பார்சலைப் பிரித்ததும் வேங்கடபதி அதைத் தொடாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியில் பூட்டினார். மாடிக்குக் கொண்டுபோவதற்கு முன் மனைவியைக் கூப்பிட்டார்.

"நீதான் மொதல்ல பாக்கணும். நான் பாக்கவே மாட்டேன். உனக்கப்புறந்தான் நான்."

"பாக்கலாம்" என்றார் பஞ்சம்மாள், அவர் குரலிலேயே.

ஆனால் தறி ஓடும்போது பார்த்தால் வளையம் நடுங்கும். முதல் தடவை பார்க்கிறவளுக்கு அது நடுங்கக் கூடாது என்று வேங்கடபதி நினைத்தார். தெரு முழுக்கத் தறி நிற்கிற நாள் ஒன்று பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. ஆயுத பூஜையன்று எவரும் தறியைத் தொட மாட்டார்கள். கும்பிட்டு வைத்த ஆயுதத்தை மறுநாள் பூஜை பிரித்த பிறகுதான் எடுப்பார்கள். தொலைநோக்கிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, ஏனென்றால் பஞ்சம்மாள்தான் அதை ஆயுதத்தில் சேர்ப்பதே இல்லையே. அவர் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

பூஜையன்று அவர் பொரியும் வாழைக்கன்றும் வாங்கிக்கொண்டு திரும்பியபோது, முன்கூடத்தில் இரண்டு தறிக்கும் நடுவில் தொலைநோக்கி நின்றது. துடைத்துச் சுத்தம் செய்து, நாலு பக்கமும் சந்தனம் குங்குமம் வைத்து, கழுத்தில் செவ்வந்திச் சரம் சுற்றி. வேங்கடபதி வாழைக்கன்றைக் கீழே வைத்தார்.

"இதை ஏன் இங்க கொண்டாந்து வச்ச?"

"ஏன், வைக்கக் கூடாதா? கண்ணாடி வந்துருச்சுல்ல. இனிமே வேலை செய்யும்ல."

"இன்னைக்குத்தானே பாக்கணும்னு…"

"நாளைக்குப் பாத்தா உங்க வளையம் ஓடிப் போயிருமா?"

நாளைக்குத் தறி ஓடும் என்று அவர் சொல்லவில்லை. சூடம் காட்டினார்கள். பொரிகடலையைத் தட்டில் எடுத்துக்கொண்டு பஞ்சம்மாள் அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கக் கிளம்பினார். மூன்று நாள் மூடிக்கிடந்த வானம் அன்று சாயங்காலம் சுத்தமாகத் திறந்துவிட்டது. தெருவில் சத்தமே இல்லை. பூஜை அறைகளில் மணி ஓய்ந்து, டம்ளரில் தண்ணீர் கண்ணாடியாக நின்றது. கிழக்கே சனி ஏறிவிட்டிருந்தது.

வேங்கடபதி கொஞ்ச நேரம் வாசலில் நின்றார். அப்புறம் செவ்வந்திச் சரத்தைக் கழற்றித் தறியின் மேல் போட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார்.

இருட்டில் பெட்டியின் அடிக்கதவைத் திறந்து, தடவி மூடியை எடுத்தார். குழலில் கண்ணை வைத்தார். சனி வந்தது, ஆடவில்லை. மஞ்சளாக, உருண்டையாக, மொட்டையாக நின்றது. வளையம் இல்லை. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். இல்லை. குழலை மாற்றிப் பார்த்தார். இல்லை. கடைசியில் பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். புதுக் கண்ணாடியின் நட்டநடுவில் சந்தனமும் அதன் மேல் குங்குமமும் வட்டமாக இருந்தது.

"பஞ்சூ!"

தறிச் சத்தத்துக்குப் பழகிய தொண்டை. தறி ஒன்றும் ஓடாத தெரு. எல்லா வீட்டிலும் கேட்டது. நான் எங்கள் மாடியில் இருந்தேன். அடுத்து நடந்ததை எங்கள் தெருவில் கேட்காதவர்கள் யாரும் இல்லை.

"கண்ணாடியில யாரு பொட்டு வச்சது?"

வெள்ளத்துரை வீட்டு வாசலில் பொரித் தட்டோடு நின்ற பஞ்சம்மாள் அங்கிருந்தே பதில் சொன்னார். "நாந்தான் வச்சேன். தறிக்கு வச்சேன், மோட்டாருக்கு வச்சேன், அதுக்கும் வச்சேன். நீங்க எங்க இருந்து பேசுறீங்க? மாடியில இருந்தா?"

"கண்ணாடிக்குப் போயி எவளாவது பொட்டு வைப்பாளா?"

"அதுலதான மொகம் தெரிஞ்சுச்சு! மொகம் தெரியிற எடத்துலதான பொட்டு வைக்கணும். பெட்டியைப் பூஜையில இருந்து தூக்கிட்டா போனீங்க?"

"வளையமே போச்சுடீ! இத்தனை வருசம் காத்துக் கெடந்து, ஒரு பொட்டுல எல்லாத்தையும் கெடுத்துட்ட!"

"நானா கெடுத்தேன்? வெளக்கு எரிஞ்சுக்கிட்டு இருக்கும்போதே சாமிகிட்ட இருந்து பிடுங்கிட்டு ஓடுனா வளையமும் போகும், எல்லாமும் போகும்!"

வெள்ளத்துரை வாசலில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார். நடுவர் மாதிரி ஒரு தடவை மேலே பார்த்தார், ஒரு தடவை பஞ்சம்மாளைப் பார்த்தார். "ஏலே வேங்கடபதி, நல்லாத் தேடிப்பாருலே. கீழ எங்கயாவது விழுந்திருக்கப் போகுது."

பஞ்சம்மாள் தட்டை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார்.

மறுநாள் தறி ஓட ஆரம்பித்தது. உதடு பார்த்துப் பேசுவது நின்றுவிட்டது. பஞ்சம்மாள் தறிக்குத் திரும்பி நின்று வேலை செய்தார். சொல்ல வேண்டியதை ஓய்வு நேரத்தில் வாயால் சொன்னார், அதுவும் தமிழில். வீட்டுக்குள் தமிழ் என்பது நூல் கொண்டுவருகிற ஆளிடமும் கேஸ் சிலிண்டர் போடுகிறவரிடமும் பேசுகிற பாஷை. "சாப்பாடு எடுத்து வச்சிருக்கு. சாப்பிடுறதுன்னா சாப்பிடலாம்." "மோட்டார் பெல்ட்டு லூசா இருக்கு. பாக்குறதுன்னா பாக்கலாம்." இந்த மரியாதையை வேங்கடபதியால் தாங்க முடியவில்லை. திட்டினாலாவது திருப்பித் திட்டலாம்.

தெருவுக்கு நல்ல பொழுதுபோக்கு. "என்னண்ணே, வளையத்தை எந்தப் பேங்குல வச்சிருக்கீங்க? தீவாளிக்கு முன்னால மீட்டுருவீங்களா?" என்று தண்ணீர் பிடிக்க வந்த தங்கமாரி கேட்டாள். பாதிப் பேர் பொட்டுதான் காரணம் என்கிற பொட்டுக் கட்சி, பாதிப் பேர் பூஜையிலிருந்து எடுத்ததுதான் காரணம் என்கிற பூஜைக் கட்சி. பெண்கள் எல்லோரும் பூஜைக் கட்சி.

பொட்டைத் துடைக்க அவருக்குப் பயம். முன்பக்க ரசம், துணி பட்டால் கீறிவிடும். கண்ணாடியைக் கழற்றி, பழைய மல்வேட்டியில் சுற்றி, முறுக்குச் சம்படத்தில் வைத்துக்கொண்டு திருச்சுழி பஸ்ஸில் ஏறினார். நான் அங்கே தாலுகா ஆபீஸில் தற்காலிகமாகக் கம்ப்யூட்டரில் பதிவுசெய்கிற வேலை பார்க்கிறேன், அதே பஸ்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன். சம்படத்தை மடியில் இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"முறுக்கா? வாசமே வரலையே" என்றார் கண்டக்டர்.

"கண்ணாடிய்யா."

"மொகம் பாக்கவா?"

"ம். சனியனோட மொகம்."

கண்டக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. வெளியே மழை பெய்த கரிசலில் ஏர் ஓட்டியிருந்தார்கள். சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே புதுத் தண்ணீர் கோடு கோடாகக் கிடந்தது. வேங்கடபதி எதையும் பார்க்கவில்லை. எனக்கு ஆபீஸில் மதியத்துக்கு மேல்தான் வேலை இருந்ததால் சங்கரபாண்டியன் வீடு வரை கூடப் போனேன்.

சங்கரபாண்டியன் சம்படத்தைத் திறந்து பார்த்தார். பொட்டைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார்.

"சிரிக்காதீங்க சார். குடும்பமே பேச்சில்லாம கெடக்கு."

"யாருப்பா வச்சது? நூல் பிடிச்ச மாதிரி நடுவுல இருக்கு."

"எம் பொண்டாட்டி."

"வேங்கடபதி, நீ மேல நிக்க வச்சிருக்கிற குட்டிக் கண்ணாடியோட நிழல் எங்க விழும்?"

வேங்கடபதி யோசித்தார். "இதோட நடுவுல."

"அப்ப நடுவுல வெளிச்சமே படாது. படாத எடத்துல பொட்டு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? கண்ணாடி நேரா உக்காந்திருக்கான்னு பாக்க நடுவுல ஒரு புள்ளி வைப்பாங்க. நான் மார்க்கர்ல வைப்பேன். அந்தம்மா குங்குமத்துல வச்சிருக்கு. அழிச்சிராத. குழல்ல பாத்து, பொட்டு நடுவுல வர்ற வரைக்கும் பின்னாடி மூணு திருகாணியையும் திருகு. உன் கண்ணாடி கோணலா நிக்கும், அதான் ஒண்ணும் தெளிவாத் தெரிஞ்சிருக்காது."

"அப்ப வளையம்?"

சங்கரபாண்டியன் உள்ளே போய் ஒரு சாப்பாட்டுத் தட்டை எடுத்துவந்தார். சாய்த்துப் பிடித்தார். "இப்ப என்ன தெரியுது?"

"தட்டு."

தட்டின் விளிம்பை அவர் கண்ணுக்கு நேராகத் திருப்பினார். "இப்ப?"

"கோடு."

"அம்புட்டுத்தான். பதினாலு பதினஞ்சு வருசத்துக்கு ஒருக்கா வளையம் நமக்கு விளிம்பைக் காட்டி நிக்கும். இந்த வருசம் அப்படி. நீ கொரோனாவுல பாத்தப்ப நல்லா விரிஞ்சு கெடந்துச்சு. அடுத்த வருசத்துல இருந்து மெல்லத் திரும்பவும் விரியும். பொட்டும் காரணமில்ல, ஒண்ணும் காரணமில்ல."

வேங்கடபதி தட்டை வாங்கித் தானே ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். முகத்தில் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்டு வரை சம்படத்தை மார்போடு அணைத்தபடி நடந்தார். பிறகு, என்னைப் பார்க்காமல், "இத்தனை வருசத்துல இந்த வருசந்தான் அவ அதைப் பூஜையில வச்சா" என்றார்.

அன்று சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது அவர்கள் வீட்டில் தறி நின்றிருந்தது. பாவில் நூல் அறுந்திருந்ததால் பஞ்சம்மாள் குனிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். வேங்கடபதி எதிரே நின்று சாப்பாட்டுத் தட்டை வைத்து விளக்கிக்கொண்டிருந்தார். வாசலில் என்னைப் பார்த்ததும், "இவன்ட்டயே கேளு, இவனும் கூட இருந்தான்" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

பஞ்சம்மாள் தலையை நிமிர்த்தவில்லை. தமிழிலேயே கேட்டார். "அப்ப என் பொட்டு மேல குத்தம் இல்ல."

"இல்ல. அது நல்லதுன்னு சொல்லிட்டாரு சார்."

"நீங்க பூஜையில இருந்து எடுத்தது மேலயும் குத்தம் இல்லையாக்கும்."

தட்டை அவர் கீழே வைத்தார். "அது குத்தந்தான்."

"அதனாலதான் வளையம் போச்சா?"

"வளையம் அதாத் திரும்பிக்கிருச்சு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ஆனா எடுத்தது குத்தம். நீ இல்லாம பாத்தது அதைவிடக் குத்தம். உனக்குத்தான் மொதல்லன்னு சொல்லிட்டு."

பஞ்சம்மாளின் விரல்கள் முடிச்சை முடித்தன. பல்லால் நூலைக் கடித்து அறுத்தார். "கொஞ்சம் தள்ளுங்க, தறி போடணும்" என்றார். தறி ஓட ஆரம்பித்ததும் பேச்சு நின்றது.

தீபாவளி நெருங்கியது. அது தறிக்காரர்கள் தூங்காத காலம். சேலை கேட்டுக் கடைக்காரர்கள் போன்மேல் போன் போடுவார்கள். வேங்கடபதி தன் முறை முடிந்ததும் மாடிக்கு வருவார். பொட்டை நடுவில் கொண்டுவரத் திருகாணியைத் திருகுவார். வானம் தெரிந்தால் எதையாவது பார்ப்பார், ஆனால் சனியைப் பார்க்க மாட்டார். கிழக்கே அது கண்ணுக்கு நேராக நிற்கும்போதும் வேறு பக்கம் திருப்பிவைப்பார். மனைவியைக் கூப்பிடவில்லை. கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை என்று நினைக்கிறேன். சாப்பாடு எடுத்துவைத்தபடியே இருந்தது, சாப்பிடுகிறதென்றால் சாப்பிடலாம்.

ஒரு சாயங்காலம் நல்ல மழை பெய்து ஓய்ந்தது. வானம் கழுவின மாதிரி ஆனது. நான் ஈரமான துணியை மறுபடி கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த மாடியில் அவர் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கீழே அவர் வீட்டுத் தறிச் சத்தத்தில் ஒன்று குறைந்தது. நூல் அறுந்திருக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டாவதும் நின்றது. வேங்கடபதி மாடிச் சுவரைப் பிடித்து எட்டிப் பார்த்தார்.

பஞ்சம்மாள் தெருவில் இறங்கி வெள்ளத்துரை ஷெட்டு வாசலுக்குப் போய் நின்றார். எட்டுத் தறிக்கு மேலே கத்தினார்.

"அண்ணே! கொஞ்ச நேரம் நிறுத்துங்க!"

வெள்ளத்துரை காதில் கையை வைத்துக்கொண்டு வெளியே வந்தார். "எதுக்கு? கரண்டு நல்லாத்தான இருக்கு?"

"மேல ஆட்டமா இருக்காம்."

"அதுக்கு? தீவாளி லோடு நிக்குதும்மா. நாளைக்கு வண்டி வந்துரும்."

"எங்களுக்கும்தான் நிக்குது. நான் நிறுத்தலையா? ஒரு பத்து நிமிசம்."

வெள்ளத்துரை மேலே பார்த்தார். வேங்கடபதி தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். "வளையம் கெடைச்சிருச்சாக்கும்?"

"அதைப் பாக்கத்தான் போறேன். கெடைச்சா சொல்லியனுப்புறேன். நிறுத்துங்கண்ணே, புண்ணியமாப் போகும்."

முனகிக்கொண்டே உள்ளே போனார். ஒவ்வொன்றாக எட்டும் நின்றன. தெருவின் அந்தக் கோடியில் ஓடுகிற தறிகள் மட்டும் தூரத்தில் கேட்டன. பஞ்சம்மாள் மாடியேறி வந்தார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தார். கணவரைப் பார்க்காமல் பெட்டியிடம் போனார்.

வேங்கடபதி அவசரமாகப் பெட்டியைத் திருப்பினார். மேலே ஒட்டியிருந்த குறிபார்க்கும் குழாயில் மட்டும் பார்த்துச் சனியைப் பிடித்தார். கண் வைக்கும் குழலில் தன் கண்ணை வைக்கவில்லை. விலகி நின்று, "பாரு" என்றார். ஒரு பலகையை இழுத்துப் போட்டார், எட்டாது என்று.

பஞ்சம்மாள் பலகைமேல் ஏறினார். முதலில் இரண்டு கண்ணையும் மூடினார். பிறகு ஒன்றைத் திறந்தார்.

"ஒண்ணும் தெரியலை."

"கண்ணைக் கொஞ்சம் தள்ளி வச்சுப் பாரு. ஒட்டி வைக்காத."

"ம்… இருக்கு. மஞ்சளா ஒரு உருண்டை."

"அதான். இந்த வருசம் அம்புட்டுத்தான். வளையம் தெரியாது. அடுத்த வருசம் நல்லா…"

"இருங்க." அவர் கையை உயர்த்தினார். கணவரைப் பேச வேண்டாம் என்பதற்கு. வெகுநேரம் அப்படியே நின்றார். தறியில் ஓடும்போதே அறுந்த இழையைப் பிடிக்கிற கண் அது. "ஒரு நூல் போகுதே."

"நூலா? எங்க?"

"உருண்டைக்குள்ள பூந்து ரெண்டு பக்கமும் வெளிய வருது. மணியை ஊசியில கோத்த மாதிரி. சன்னமா. இதோ, இப்ப நல்லாத் தெரியுது."

இதை அவர் தெலுங்கில் சொன்னார். சொன்னது அவருக்கே தெரிந்ததா என்று தெரியவில்லை.

"நெசமாவா? நான் அன்னைக்கு அதைப் பாக்கலையே. தள்ளு, பாக்குறேன்."

"இருங்க."

"அதான் பஞ்சூ, விளிம்பு. தட்டோட விளிம்பு. எனக்கு ஒரு தடவை…"

"நான் இன்னும் பாத்து முடிக்கலை. எனக்கப்புறந்தான நீங்க?"

வேங்கடபதி ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"அய்யோ, ஓடுது. ஓரத்துக்குப் போகுது."

"பூமி சுத்துதுல்ல, அப்படித்தான் நகரும். பெட்டியை லேசாத் தள்ளணும்." அவர் கையை நீட்டினார். பஞ்சம்மாள் கண்ணை எடுக்காமலேயே அந்தக் கையைத் தட்டிவிட்டார். தானே பெட்டியின் விளிம்பில் விரல் வைத்தார். முதலில் அதிகமாகத் தள்ளிவிட்டார், சனி காணாமல் போனது. திட்டிக்கொண்டே திருப்பிக் கொண்டுவந்தார். இரண்டாவது தடவை பாவு நூலைத் தொடுகிற மாதிரி தொட்டார். "வந்துருச்சு" என்றார்.

கீழே வெள்ளத்துரை கத்தினார். "ஏம்மா, பத்து நிமிசம் ஆகிப்போச்சு! தறியைப் போடவா?"

"இருங்கண்ணே!" தறிச் சத்தத்துக்கு மேலே கத்துகிற அதே குரலில், கண்ணைக் குழலிலிருந்து எடுக்காமல், பஞ்சம்மாள் பதில் சொன்னார்.

வேங்கடபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தபடி, பலகைக்குப் பக்கத்தில் தன் முறைக்காக நின்றுகொண்டிருந்தார்.